புகை வந்தது... ரயில் வரவில்லை!

1878-ம் வருடம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. மாட்டுத் தடத்தையும் மான் தடத்தையும் பார்த்து வழி கண்டுபிடித்து, இரண்டு நாட்களாகச் சில வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. கென்டக்கியில் இருந்து ரயிலில் வந்து எல்லிஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கியவர்கள். அங்கேயே அம்மை கண்டு, குழந்தைகள் சிலரைப் புதைத்துவிட்டுக் கிளம்பியவர்கள்.

‘அதோ, ஊர் வந்துவிட்டது!’ என்று ஆண்கள் சத்தம் போட்டார்கள். வில்லியானா ஹிக்மேன் என்ற பெண் எட்டிப் பார்த்தார். ஊரையே காணோம். எங்கே என்று கணவரைக் கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டினார். தரையில் இருந்து அங்கங்கே புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்தப் புகைக்குக் கீழே, பூமியைக் குடைந்து வளை மாதிரி வீடு அமைத்து ஜனங்கள் குடியிருந்தார்கள். வில்லியானா அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஊரின் பெயர் நிக்கொடீமஸ். பைபிளில் வருகிற நிக்கொதேமுவா, அல்லது பாட்டில் வந்த ஓர் அடிமையா, யாருடைய பெயர் என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம். உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. சட்டப்படி! ஆனால் நிலம் பழைய எஜமானர் கையிலேயே இருந்தது. 1877-ல் தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்குக் கொஞ்சநஞ்சம் பாதுகாப்பாக இருந்த மத்திய அரசுப் படைகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன. இனி அங்கே இருந்து என்ன பிரயோஜனம்?

அந்த நேரத்தில்தான் கென்டக்கியில் நோட்டீஸ் பறந்தது. கான்சாஸுக்கு வாருங்கள், உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு ஊர்! டபிள்யூ.ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும், டபிள்யூ.ஹெச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. ஊருக்குள் ஒரு மனை 5 டாலர். வெளியே அரசாங்கச் சட்டப்படி 160 ஏக்கர் வரை விவசாய நிலம் பிடித்துக்கொள்ளலாம். நேற்றுவரை அடிமையாக இருந்தவனுக்கு 160 ஏக்கர் என்றால், கிளம்ப மாட்டானா?

1877 செப்டம்பரில் முந்நூறுக்கும் அதிகமானவர்கள் வந்து இறங்கினார்கள். எல்லிஸிலிருந்து 35 மைல். பார்த்தால், நோட்டீஸில் இருந்த எதுவும் அங்கே இல்லை. சில குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. மற்றவர்களுக்குத் திரும்பிப் போகவும் காசில்லை. ஏர் இல்லை, மாடு இல்லை. மண்வெட்டியால் மண்ணைக் கொத்தினார்கள். முதல் குளிர்காலத்தில் பட்டினியே முடித்திருக்கும். வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் செவ்விந்தியர்கள் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சொந்த மண்ணையே இழந்துகொண்டிருந்த ஜனங்கள் கொடுத்த சாப்பாடு!

ஆண்களில் பலர் கூலிக்கு ரயில் பாதை வேலைக்குப் போனார்கள். தங்கள் ஊரை எட்டிக்கூடப் பார்க்காத ரயிலுக்கு.

பத்தே வருடம். ஊர் நிமிர்ந்துவிட்டது. வளைகள் போய், கல்லும் மண்ணும் சேர்த்த வீடுகள் வந்தன. கடைகள், ஹோட்டல்கள், சர்ச், பள்ளிக்கூடம், பேஸ்பால் டீம் என்று எல்லாம் வந்தது. ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’, ‘என்டர்பிரைஸ்’ என்று ஒன்றல்ல, இரண்டு பத்திரிகைகள். இந்த ஊரில் வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-ல் கான்சாஸ் மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளராகத் தேர்தலில் ஜெயித்தார். ஒரு கறுப்பருக்கு அன்று நினைத்தே பார்க்க முடியாத பதவி.

பாக்கி ஒன்றே ஒன்றுதான். ரயில்! விளைந்த தானியத்தை 35 மைல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் லாபமெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். ஆனால் ரயில் கம்பெனிக்காரர்கள் சும்மா வருவார்களா? எந்த ஊர் அதிகம் தருகிறது என்று ஊர் ஊராகப் பேரம் பேசுவது அப்போது வழக்கம். 1887 மார்ச்சில் நிக்கொடீமஸ் ஜனங்கள் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். மிசௌரி பசிபிக் கம்பெனி வந்தால் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் தருவதென்று முடிவு. பத்து வருடம் முன்பு மண்வெட்டியோடு வந்தவர்கள், தங்கள் தலையில் தாங்களே ஏற்றிக்கொள்ளத் துணிந்த கடன்.

மிசௌரி பசிபிக் வரவில்லை. சரி, இன்னொரு கம்பெனியான யூனியன் பசிபிக்காவது வருமா என்று பார்த்தார்கள். 1888-ல் அது வந்தது, ஆனால் ஊருக்கு அல்ல. சாலமன் ஆற்றுக்குத் தெற்குப் பக்கமாகப் போய்விட்டது. சில மைல்தான் தூரம். அங்கே பாதை போடும் தொழிலாளர்களுக்காகப் போட்ட முகாம், போக் என்ற ஊராக மாறியது.

கறுப்பர் ஊர் என்பதால்தான் ஒதுக்கினார்களா? அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், கான்சாஸில் ரயில் வராததால் செத்துப்போன வெள்ளையர் ஊர்களும் நிறையவே உண்டு. கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு எந்த ஊரைப் பற்றியும் கவலை கிடையாது என்பதுதான் என் கட்சி.

கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைத் தாண்டினார்கள். போகாதீர்கள், நமக்கு இன்னும் எதிர்காலம் இருக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகை மன்றாடிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? வியாபாரிக்கு ஸ்டேஷன் முக்கியம்.

போகாமல் நின்றவர்கள் விவசாயிகள். நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்ட முடியாதே! இன்னும் நாற்பது வருடம் கோதுமை போட்டார்கள். பிறகு 1930-களில் பொருளாதார மந்தம், கூடவே வானத்தை மறைத்த புழுதிப் புயல்கள். 1935-ல் ஊரில் மிஞ்சியவர்கள் 76 பேர். 1953-ல் தபாலாபீசையும் மூடிவிட்டார்கள்.

ரயில் கிடைத்த போக் என்ன ஆனது தெரியுமா? 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 143.

நிக்கொடீமஸை 1996-ல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. ஐந்து பழைய கட்டடங்களும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களும்தான் பாக்கி. ஆனால் ஒவ்வொரு ஜூலைக் கடைசி வாரமும் அங்கே இடம் கொள்ளாது. அந்த வளை வீட்டுக்காரர்களின் பேரன், பேத்திகள், அவர்களின் பிள்ளைகள் எல்லாம் நாட்டின் பல மூலைகளில் இருந்தும் ஊர்வலத்துக்கும் விருந்துக்கும் வந்து சேர்கிறார்கள். காரில்தான். ரயில் இன்றும் அங்கே போவதில்லை.