வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கா? பீரோ போதாது! நல்ல பெட்டகத்தை தேர்வு செய்வது எப்படி?

தோட்டக் காவலுக்கு, தற்காப்புக்கு, தாத்தா காலத்திலிருந்து வந்த சொத்து என்று பல காரணங்களுக்காக தென் மாவட்டங்களில் சில வீடுகளில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "பீரோவுலதான் இருக்கு", "பரண் மேல துணி சுத்தி வச்சிருக்கு" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

உடன்குடி வட்டாரத்தில் இது இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டிய விஷயம். வியாபாரத்துக்காக சென்னை, மும்பை என்றும், வேலைக்காக வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் அதிகம் உள்ள ஊர் இது. பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். சில வீடுகள் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. போதாததற்கு, சில கிலோமீட்டர் தள்ளி கடல். அங்கிருந்து வரும் உப்புக்காற்று.

இப்படிப்பட்ட வீட்டில் துப்பாக்கியை வைக்க எப்படிப்பட்ட பெட்டகம் வேண்டும்? விலை, பிராண்ட், பளபளப்பு ஆகியவற்றைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவர், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதிமொழி தர வேண்டும். அதாவது, பத்திரமாக வைப்பது உரிமையாளரின் விருப்பம் அல்ல, கடமை.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-லிருந்து 2 ஆகக் குறைந்தது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது. கல்யாணம், திருவிழாவில் அலட்சியமாக வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

உரிமம் ஒருவர் பெயரில்தான். அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை, உரிமம் இல்லாத மகன் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போக முடியாது. துப்பாக்கி காணாமல் போனாலோ திருடு போனாலோ உடனே பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். "தேடிப் பாத்துட்டு சொல்லிக்கலாம்" என்று நாள் கடத்தினால் சிக்கல் உரிமையாளருக்குத்தான்.

பீரோ ஏன் போதாது?

வீடுகளில் இருக்கும் சாதாரண இரும்பு பீரோ பெரும்பாலும் 20 அல்லது 22 கேஜ் தகட்டில் செய்யப்படுகிறது. மில்லிமீட்டர் கணக்கில் சொன்னால் 0.7 முதல் 0.9 வரை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு கடப்பாரையும் கொஞ்சம் தைரியமும் இருந்தால் கதவை வளைத்துவிடலாம். பீரோவுக்குள் இருக்கும் சின்ன லாக்கரும் பெரும்பாலும் அதே தகடுதான்.

இன்னொரு பிரச்சினை அளவு. 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி சுமார் 4 அடி நீளம் இருக்கும். நகை லாக்கரில் அது நுழையாது. அதனால்தான் சேலைகளுக்குப் பின்னால் சாய்த்து வைக்கும் பழக்கம் வந்தது. அந்த பீரோவை வீட்டில் எல்லோரும் திறப்பார்கள், பேரப்பிள்ளைகள் உட்பட.

எந்தப் பெட்டகமும் உடைக்கவே முடியாதது அல்ல. நல்ல பெட்டகம் செய்வது ஒன்றுதான்: திருடனின் நேரத்தை எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் யு.எல். நிறுவனம் வீட்டுப் பெட்டகங்களுக்கு வகுத்த அடிப்படைத் தரத்தில், ஒருவர் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், நெம்புகோல் போன்ற கைக்கருவிகளோடு முயன்றால் 5 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். "வெறும் அஞ்சு நிமிஷம்தானா?" என்று தோன்றலாம். ஆனால், நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி 5 நிமிடம் இரும்பைத் தட்டுவது சாதாரண திருடனுக்கு நீண்ட நேரம்.

தகடு: கேஜ் கணக்கில் ஏமாறாதீர்கள்

கேஜ் எண் குறையக் குறைய தகடு தடிமனாகும். இது தெரியாமல், "இது 18 கேஜ், அது 12 கேஜ்தான்" என்று கடையில் சொல்வதை நம்பி மெல்லிய பெட்டியை வாங்குபவர்கள் உண்டு. உத்தேசக் கணக்கு இதோ:

• 20 கேஜ்: 0.9 மி.மீ.
• 16 கேஜ்: 1.6 மி.மீ.
• 14 கேஜ்: 2 மி.மீ.
• 12 கேஜ்: 2.6 மி.மீ.
• 10 கேஜ்: 3.2 மி.மீ.

துப்பாக்கிப் பெட்டகத்துக்கு உடல் பகுதி குறைந்தது 2 மி.மீ. இருக்கட்டும். 3 மி.மீ. கிடைத்தால் நல்லது. கதவு அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். கேஜ் எண்ணைக் கேட்காமல், "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குவது நல்லது. சிலர் கதவின் மொத்த கனத்தைச் சொல்லி அசத்துவார்கள். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெற்றிடமோ ஜிப்சம் பலகையோ இருந்தாலும் கதவு கனமாகத்தான் தெரியும். கேட்க வேண்டியது இரும்புத் தகட்டின் தடிமன்.

பெட்டகங்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 550 என்ற பி.ஐ.எஸ். தரநிலை இருக்கிறது. விற்பவரிடம் அந்த முத்திரை இருக்கா என்று கேட்கலாம். "எல்லாம் ஹெவி டூட்டிங்க" என்ற வாய்வார்த்தை தரச்சான்று ஆகாது.

கதவும் தாழும்தான் உயிர்

பெட்டகத்தை உடைக்க வருபவர் பெரும்பாலும் பூட்டைத் தொடுவதில்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பத்தான் பார்ப்பார். அதனால் கடையில் கவனிக்க வேண்டியவை:

• மூடிய கதவின் ஓரத்தில் இடைவெளி எவ்வளவு? நகம் நுழையும் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது.
• கைப்பிடியைத் திருகினால் எத்தனை போல்ட் வெளியே வருகிறது? ஒரே பக்கம் இரண்டு போல்ட் மட்டும் என்றால் போதாது.
• கீல் இருக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது? அங்கேயும் போல்ட்டோ, சட்டத்துக்குள் நுழையும் இரும்புப் பட்டையோ இருக்க வேண்டும். அது இருந்தால், வெளியே தெரியும் கீலை அறுத்தாலும் கதவு கழன்று வராது.
• பூட்டுக்கு முன்னால் டிரில் ஏறாத கடின எஃகுத் தகடு இருக்கிறதா?
• மூலைகளில் வெல்டிங் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, இல்லை அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி இருக்கிறதா?

பெட்டகத்தை உள்ளூர் பட்டறையில் சொல்லிச் செய்தாலும் இதே கணக்குதான். வரைபடத்தில் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சாவியா, நம்பரா, கைரேகையா?

*சாவிப் பூட்டு:* எளிமையானது, பேட்டரி வேண்டாம். ஆனால், சாவியை சாமி படத்துக்குப் பின்னால் வைத்தால் பெட்டகமே வீண்.

*நம்பர் டயல்:* மெதுவாகத் திறக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

*டிஜிட்டல் பட்டன்:* வசதியானது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில பெட்டிகளில், மேல்பக்கம் ஓங்கித் தட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருகினால் உள்ளே உள்ள தாழ் துள்ளித் திறந்துவிடும். எண்ணாக பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம்.

*கைரேகை:* வேகமானது. ஆனால், கண்மூடி நம்ப முடியாது. அமெரிக்காவில் 2023 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகை துப்பாக்கிப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்துகொண்டதே காரணம். 12 வயது சிறுவன் ஒருவனின் மரணத்தைத் தொடர்ந்துதான் அந்த நடவடிக்கை வந்தது.

கைரேகைப் பெட்டகம் வாங்கியே தீர வேண்டும் என்றால், பதிவு செய்ததும் முதல் வேலையாக வீட்டில் உள்ள மற்ற எல்லோரின் விரலையும் வைத்துப் பார்க்க வேண்டும். யாருடைய விரலுக்காவது திறந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

தரையோடு பிணைக்காவிட்டால்?

50, 60 கிலோ எடையுள்ள பெட்டியை இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிடலாம். பிறகு ஆளில்லாத இடத்தில் வைத்து நிதானமாக உடைக்கலாம். அதனால் பெட்டகத்தின் அடியிலும் முதுகிலும் துளை இருக்கிறதா என்று பார்த்து, கான்கிரீட் தரையிலும் சுவரிலும் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பழைய வீட்டின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் போல்ட் நிற்காது. அங்கே தரையில் சிறிய கான்கிரீட் மேடை கட்டி, அதில் பிணைப்பதே சரி.

அறையின் மூலையில், கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் கடப்பாரை வைத்து நெம்ப இடம் கிடைக்காது. தெருவிலிருந்து ஜன்னல் வழியே தெரியும் இடம் வேண்டாம்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கருப்பட்டியை இளக வைக்கும் அதே ஈரக்காற்று துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். மூடிய பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் வெளியே போக வழியில்லை. தீத்தடுப்புக்காக ஜிப்சம் பலகை பதித்த பெட்டகத்தில் இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் அந்தப் பலகையிலேயே ஈரம் இருக்கும்.

• பவுடர் கோட்டிங் செய்த பெட்டகம் சாதாரண பெயின்ட்டைவிடத் தாங்கும்.
• உள்ளே சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.
• தோல் உறையிலோ துணியிலோ சுற்றி வைக்கக் கூடாது. அவை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.
• மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தாழ்வான இடத்தில் உள்ள வீடு என்றால் மேடை போட்டு உயர்த்தியோ, மாடியிலோ பெட்டகத்தை வைப்பது நல்லது. நனைந்த தோட்டாவைப் பயன்படுத்தவே கூடாது.

தோட்டா வேறு, துப்பாக்கி வேறு

துப்பாக்கியை ஒருபோதும் தோட்டா போட்ட நிலையில் உள்ளே வைக்கக் கூடாது. குழலைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் பிரித்து வைத்ததில் அர்த்தமில்லை.

இது குழந்தைகளுக்காக மட்டும் அல்ல. கோபத்திலும் மனம் உடைந்த நேரத்திலும் ஒரு மனிதர் எடுக்கும் முடிவு சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. இரண்டு பூட்டுகளைத் திறக்கும் நேரம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம். வீட்டில் யாராவது கடும் மன உளைச்சலில் இருப்பது தெரிந்தால், துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வீட்டில் வைக்காமல் ஒப்படைத்துவிடுவதே நல்லது.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனால்?

மாதக்கணக்கில் ஆள் இல்லாத வீட்டில் எந்தப் பெட்டகமும் தோற்றுவிடும். திருடனுக்கு அங்கே 5 நிமிடம் அல்ல, ஐந்து நாள் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது உரிமையாளர்களுக்கு ஏற்கெனவே பழகிய நடைமுறைதான்.

உரிமையாளர் இறந்துவிட்டால், "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று பெட்டகத்திலேயே விட்டுவைப்பது பெரிய தவறு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. முதலில் ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் விதிகளில் வழி இருக்கிறது. வயதான அம்மா, அப்பா மட்டும் இருக்கும் வீடுகளில் இதைத் தள்ளிப்போடாமல் பேசி முடிப்பது நல்லது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. உடல் எத்தனை மி.மீ.? கதவு எத்தனை மி.மீ.?
2. கீல் பக்கமும் போல்ட் இருக்கா?
3. உள் உயரம் நாலேகால் அடியாவது இருக்கா?
4. தரையில் பிணைக்கத் துளை இருக்கா? பிணைத்துத் தருவீர்களா?
5. பேட்டரி தீர்ந்தால் எப்படித் திறப்பது?
6. சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி யாருக்குத் தருவீர்கள்? என்ன ஆதாரம் கேட்பீர்கள்?
7. தரச்சான்று இருக்கா?

ஆறாவது கேள்விக்கு, "போன் பண்ணுங்க, அனுப்பிடுறோம்" என்று பதில் வந்தால் வேறு கடையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். யார் கேட்டாலும் சாவி கிடைக்கும் என்றால், எவ்வளவு தடிமனான இரும்பும் பயன்படாது.

*(மன உளைச்சலில் இருப்பவர்கள் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)*