பிறந்த மண்ணைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தோர்

குடிபெயர்ந்தோர் தம்முடன் கொண்டுசெல்லும் உடைமைகளுள் எடையற்றது மொழி. எடையற்றது ஆதலின் அது கைநழுவிப் போவதும் எளிதில் புலப்படுவதில்லை. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கன்டோன்மென்ட் என்னும் படைக்குடியிருப்பை அமைத்த நாள்தொட்டு, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து குடியேறின. இன்று நம் இல்லங்களிலோ, பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ளும் பேரன் பாட்டியின் கடிதத்தைப் படிக்க இயலாது நிற்கிறான். மரபைக் குழந்தையிடம் சேர்க்கும் வழி யாது? குழந்தை இலக்கிய வரலாறே இதற்கு விடை தருகிறது.

பாரதியார் பாப்பாப் பாட்டைத் தந்தது 1915-இல், ஆங்கில ஆட்சியின் பிடிக்கு அகன்று புதுவையில் வாழ்ந்த காலத்தில். ஊரைப் பிரிந்திருந்தவர் குழந்தையை நோக்கிப் பேசினார் என்பது நாம் நினைத்துப் பார்க்கத்தக்கது.

ஈழத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பாடினார். தமிழரின் தொன்மையை அவர் அதில் முழக்கவில்லை. பள்ளி விடுமுறையின் மகிழ்ச்சியையும், கூழையும் கொழுக்கட்டையையும் பாடினார். பயறு வறுப்பதும் அரிசி இடிப்பதும் தேங்காய் துருவுவதும் அப்பாடலில் முறையாக வருகின்றன. ஒரு வீட்டின் அடுப்படி முழுவதும் பாட்டுக்குள் அடங்கிவிட்டது! 1983-க்குப் பின் பல நாடுகளில் சிதறிய ஈழத்தமிழர் ஆடி முதல் நாளில் இன்றும் அப்பாடலை நினைவுகூர்கின்றனர்.

தமிழகத்தில் அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காக ஓயாது எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முதற்காரணராய் விளங்கியவரும் அவரே. அவருடைய மாம்பழப் பாடலைப் பாடும் குழந்தை, யாரும் கற்பிக்காமலேயே சேலத்தை அறிந்துகொள்கிறது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், உலக அறிவையே தமிழில் குழந்தையின் கைக்கு எட்டச் செய்தது.

மண்ணை இழந்த மக்களிடத்தே இப்பணி உயிர்ப்பணியாகிறது. பாலஸ்தீன எழுத்தாளர் கசான் கனஃபானி 1948-இல் சிறுவனாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறியவர்; பின்னர் அகதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியரானவர். 1963-இல் தம் உடன்பிறந்தாள் மகளுக்காகச் சிறு விளக்கைப் பற்றிய கதையொன்றைத் தாமே எழுதிப் படமும் வரைந்தார். அரண்மனைக்குள் கதிரவனைக் கொண்டுவர முயலும் இளவரசி, முதலில் மதில்களை இடிக்கவேண்டும் என்று உணர்வதே கதை. 1972-இல் பெய்ரூட்டில் வாகனத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து அவரும் அப்பெண்ணும் ஒருங்கே மாண்டனர். கதையோ மாளவில்லை. குளிர்கால இரவுகளில் பாலஸ்தீன மூதாட்டியர் சொல்லிவந்த கதைகளுள் 45, 1989-இல் நூலாயின. அவ்வாறு கதை சொல்லும் கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

நம் அண்டை வீட்டுக் கன்னடரும் இப்பணியில் பின்தங்கியவர் அல்லர். பஞ்சே மங்கேசராயரும் ஜி. பி. ராஜரத்தினமும் கன்னடக் குழந்தைகளுக்கு இனிய பாடல்களைத் தந்தனர். ராஜரத்தினத்தின் தகர ஊதுகுழல் பாட்டு நம் பிள்ளைகளின் வாயிலும் ஒலிப்பதைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். அதனோடு சேர்த்துப் பாட நாம் என்ன கொடுத்தோம் என்பதே நம் நெஞ்சை உறுத்தும் வினா.

18 ஆண்டுகள் திரையிட்டு மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அல்சூர் ஏரியருகே திறக்கப்பட்டபோது நாம் பெருமிதம் கொண்டோம். கொள்ளவேண்டியதே. ஆயினும் பீடத்தின் எழுத்தைப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அச்சிலை இன்னும் மூடியே கிடக்கிறது அன்றோ!

நம்மிடம் எழுதப்படாத கதைகள் பல உள. கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழரே. 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. அதில் இறங்கிய தாத்தாக்கள் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கொண்டுசென்ற சோற்றுத் தூக்கும், தலைமேல் எரிந்த விளக்கும், இருளில் பாடிய பாட்டும் ஒரு குழந்தை நூலுக்குப் போதுமானவை. பழம்பெருமை பேசும் மேடைகள் நமக்கு நிறைய உண்டு. நம் தேவை, இரவில் மடியில் வைத்துப் படித்துக்காட்ட ஒரு சிறு நூல். தாத்தாவின் குரல் கேட்கும்போதே அதை எழுதத் தொடங்குவோமாக.