லாஜிக் கட்சி மாறிய கதை
வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்களுக்குக் கணினி மாற்றுவது புதிதல்ல. 1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி.யில் கீபோர்டை இணைக்கும் மிடி வசதி கூடவே வந்ததால் பலர் அதில் தொடங்கினார்கள். அட்டாரி மங்கியதும் மேக், விண்டோஸ் என்று பிரிந்தார்கள்.

2002-ல் அடுத்த அடி. 'லாஜிக்' மென்பொருளைத் தயாரித்த ஜெர்மனியின் இமாஜிக்கை ஜூலையில் ஆப்பிள் வாங்கியது. செப்டம்பர் 30-உடன் விண்டோஸ் பதிப்பு நிறுத்தம்! லாஜிக்தான் வேண்டுமா, மேக் வாங்கு. விண்டோஸ்தான் வேண்டுமா, கியூபேஸோ சோனாரோ புதிதாகக் கற்றுக்கொள்.

வணிகவியலில் இதை 'மாறும் செலவு' என்போம். இயந்திரத்தின் விலை மட்டுமா? பழகிய கையும், திறக்காமல் போகும் பழைய கோப்புகளும் அந்தக் கணக்கில்தான். ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் கோப்பாகச் சேமித்து வையுங்கள். கம்பெனி கைமாறினாலும் பாட்டு உங்களிடமே இருக்கும்.