பின்சாய்கோடும் தமிழ்ப் புள்ளியும்: ஒரு குறியீட்டு வரலாறு

ஓர் எழுத்து தன்னையே குறிக்கிறதா, வேறொரு செயலை ஏவுகிறதா என்ற ஐயம் கணினிவழி உரைத் தேடலின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடரில் புள்ளி (.) ஏதேனும் ஓர் எழுத்துக்கு ஈடாக நிற்கும். ஆகவே ‘3.5’ எனத் தேடுவோருக்கு ‘345’ என்பதும் அகப்படும். புள்ளியைப் புள்ளியாகவே தேட வேண்டுமெனில் அதற்கு முன் பின்சாய்கோடு (\) இட வேண்டும். இவ்வழக்கம் உருவான விதமும் அதில் எஞ்சியுள்ள குறையும் மொழியாய்வாளர் அறியத்தக்கவை.

1943இல் மக்கல்லக், பிட்ஸ் ஆகிய இருவரும் நரம்பணு வலைகளைத் தருக்க முறையில் விவரித்தனர். அவ்வலைகள் எத்தகைய நிகழ்வுகளை இனங்காண வல்லவை என ஆராய்ந்த கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி, 1951இல் ராண்ட் நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் இத்தொடர்களை அறிமுகப்படுத்தினார். அது 1956இல் நூற்கட்டுரையாக அச்சேறியது. ஒன்று மீண்டும் மீண்டும் வருவதைக் குறிக்க அவர் நட்சத்திரக் குறியை (*) ஆண்டார். தாளில் எழுதிய கணிதத்தில் செயற்குறியும் எழுத்தும் தனித்தனியே நின்றன, மயக்கத்துக்கு இடமில்லை.

மயக்கம் தோன்றியது தட்டச்சுப் பலகையில்தான். 1968இல் கென் தாம்சன், சுருங்குறித்தொடரைக் கொண்டு உரையைத் தேடும் வழிமுறையை வெளியிட்டார். தேடப்படும் உரையும் தேடும் கட்டளையும் இப்போது ஒரே குறித்தொகுதியிலிருந்து வந்தன. நட்சத்திரக் குறி உரையிலேயே இருந்தால் அதைச் சுட்டுவது எவ்வாறு?

விடையாக அமைந்த பின்சாய்கோடு வேறொரு தேவைக்காகப் பிறந்தது. அல்கால் மொழியின் தருக்கக் குறிகளை இரு சாய்கோடுகளை இணைத்து எழுதுவதற்கென பாப் பீமர் அதனை முன்மொழிந்தார். 1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் அது இடம்பெற்றது. இயல்பான உரையில் அரிதாகவே வரும் குறி என்பதால், அடுத்த குறியின் பொருளை மாற்றும் பணிக்கு அது பொருத்தமாயிற்று.

ஆயினும் அப்பணி ஒருமுகமாக அமையவில்லை. யூனிக்ஸின் ஈடி, கிரெப் மரபில் வெறும் அடைப்புக்குறி தன்னையே குறிக்கும். பின்சாய்கோடு சேர்ந்தால் தொகுக்கும் செயற்குறியாகும். ஆல்ஃபிரட் ஏஹோவின் ஈகிரெப் இதனைத் தலைகீழாக்கியது. பின்னர் வந்த போசிக்ஸ் தரம் இரண்டையும் ‘அடிப்படை’, ‘விரிவு’ என்ற பெயர்களில் ஏற்றுக்கொண்டது. பெர்ல் மொழி தெளிவான விதியொன்றைக் கைக்கொண்டது: எழுத்தும் எண்ணும் அல்லாத குறியின் முன் பின்சாய்கோடு வந்தால், அக்குறி தன்னையே குறிக்கும். பின்சாய்கோட்டையே தேட அதனை இருமுறை இட வேண்டும். சி போன்ற மொழிகளின் சரங்களிலும் அதற்குத் தனிப்பொருள் உண்டாதலால், அங்கே நான்கு முறை இட நேர்கிறது.

மறுதலையான சிக்கல் ஒன்றும் உண்டு. எழுத்தாகவே கருதப்பட வேண்டியது சில வேளைகளில் வெறுங்குறியாகத் தள்ளப்படுகிறது. பின்சாய்கோட்டுடன் வரும் டபிள்யூ, ‘சொல்லில் வரும் எழுத்து’ என்ற வகுப்பைச் சுட்டும். ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவையே அதன் தொடக்ககால எல்லை. யூனிகோடில் ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக இருக்கிறது. பைத்தான் மொழியின் இயல்பான ‘ஆர்ஈ’ தொகுதி, இவற்றுள் இகரக் குறியையும் புள்ளியையும் அவ்வகுப்பில் சேர்ப்பதில்லை. எனவே சொற்களைப் பிரிக்கும்படி கேட்டால் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளைத் தரும். தேவநாகரிக்கும் இதே நிலைதான். இணைகுறிகளையும் அவ்வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது யூனிகோடின் பரிந்துரை. பெர்ல் அதன்படி நடக்கிறது.

இதன் விளைவு சிறிதன்று. இவ்வாறு துண்டான தரவிலிருந்து எடுத்த சொல்லெண்ணிக்கை, பிழைச் செய்தி எதுவும் காட்டாமலே ஆய்வேட்டின் அட்டவணைக்குள் நுழைந்துவிடும். தமிழ்த் தரவைக் கையாள்வோர், யூனிகோடின் இணைகுறி வகுப்பைத் தம் தேடற்கோவையில் வெளிப்படையாகச் சேர்த்து, ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லையேனும் முதலில் சோதித்துப் பார்ப்பது நலம். எது எழுத்து, எது குறி என்பதைக் கருவி முன்னரே முடிவுசெய்து வைத்திருக்கிறது. அம்முடிவைச் சரிபார்ப்பதும் ஆய்வின் பகுதியே.