மூதவையும் கட்சிப் போட்டியும்

இலங்கைப் பாராளுமன்றம் இருபத்து நான்கு ஆண்டுகள் இரு மன்றங்களைக் கொண்டு இயங்கிற்று என்பதை இன்றைய மாணவருட் பலர் அறியார். 1947இல் முதன்முறை கூடிய மூதவை, பேச்சு வழக்கிற் செனற் சபை, 1971 ஒக்டோபர் 2ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. சிறுபான்மையோருக்குக் காப்பாக அமையும் என்று ஒருகாற் கருதப்பட்ட அம்மன்றம் மறைந்தபோது, தமிழ் மக்களிடையேகூட அதற்காக வருந்தியோர் சிலரே. அது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அவசரச் சட்டங்களைத் தாமதிக்கவும், கொதிப்பான விடயங்களை அமைதியான சூழலில் ஆராயவும் ஓர் இரண்டாம் மன்று வேண்டும் என்பது சோல்பரி ஆணைக்குழுவினரின் எண்ணம். அதன்படி அமைந்த மூதவையின் உறுப்பினர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை மாற்று வாக்கு முறையில் விகிதாசாரமாகத் தெரிந்தது. ஏனைய பதினைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறாண்டு, ஈராண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகினர். நிதி மசோதாவை ஒரு மாதம் மட்டுமே அது தாமதிக்கலாம். ஏனைய மசோதாக்களைப் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றிவிட்டால் மூதவையின் மறுப்பு செல்லாது. ஆகவே அதன் கையிலிருந்த ஆயுதம் காலம் ஒன்றே.

இந்த அமைப்பினுள்ளே கட்சிக் கணக்கு எவ்வாறு புகுந்தது என்பதைக் காண்போம். ஒரு தடவையில் ஐவரைத் தெரிவதாயின், ஏறத்தாழ ஆறிலொரு பங்கு வாக்கு உடைய கட்சிக்கே ஓரிடம் உறுதி. 101 பேர் கொண்ட சபையில் அது 17 வாக்கு; 1960இன் பின் 157 பேர் கொண்ட சபையில் 27 வாக்கு. தமிழரசுக் கட்சியோ 1956இல் 10 இடங்களையும், 1960 யூலையில் 16 இடங்களையும், 1965இல் 14 இடங்களையுமே பெற்றிருந்தது. எனவே தன் வாக்குகளை மட்டும் நம்பி ஓர் உறுப்பினரை அனுப்ப அக்கட்சிக்கு உறுதியான வழி இருக்கவில்லை. பிற கட்சியினரின் விருப்பு வாக்கு வேண்டியிருந்தது. மன்றுக்குள் நுழையு முன்னரே பேரம் தொடங்கிவிட்டது எனலாம்.

1956ஆம் ஆண்டே உண்மையான சோதனை. அவ்வாண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 இடங்களைப் பெற்று ஆட்சியேறியபோது, மூதவையில் இருந்தோர் அனைவரும் ஐக்கிய தேசியக் கட்சியின் ஆட்சிக்காலத்திற் புகுந்தவர்கள். இரு மன்றங்களும் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருந்தன என்றே கொள்ளலாம். சிங்களம் மட்டும் மசோதா யூன் நடுப்பகுதியில் 66க்கு 29 என்ற வாக்குகளாற் பிரதிநிதிகள் சபையைக் கடந்தது. அதே மாதத்தில், அன்று மட்டக்களப்பு மாவட்டத்தினுள் இருந்த கல்லோயாப் பள்ளத்தாக்கில், நாம் பட்டிப்பளை ஆறு என வழங்கும் அந்த ஆற்றின் கரையில், தமிழர் உயிரிழந்தனர். கொதிப்பான விடயம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? தாமதிப்பதற்கென்றே படைக்கப்பட்ட மன்று தாமதிக்கவில்லை. யூலை முதல் வாரத்திலேயே மசோதாவை ஏற்றுக்கொண்டது.

காரணம் எளிது. 1956 பெப்ரவரியில் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சியே சிங்களம் மட்டும் கொள்கையைத் தழுவிவிட்டது. ஒரே வாக்காளரை இரு பெருங்கட்சிகளும் நாடிப் போட்டியிடுகையில், ஒரு கட்சியின் மன்று மறு கட்சியின் மசோதாவைத் தடுப்பதால் அதற்கு இலாபம் யாது? கட்சிப் போட்டி மன்றங்களை எதிரெதிரே நிறுத்தும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இங்கோ அப்போட்டியே அவற்றை ஒன்றாக்கிற்று. மூதவை உறுப்பினரைத் தனித்தனியே குறை கூறுவதிற் பயனில்லை என்பது என் கருத்து.

பின்னர் மூதவை கட்சிகளுக்கு ஒரு வாயிலாகவே பயன்பட்டது. 1960இற் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கா மூதவை உறுப்பினராகவே அப்பதவியை வகித்தார். 1965இல் டட்லி – செல்வநாயகம் உடன்பாட்டினைத் தொடர்ந்து மு. திருச்செல்வம் மூதவை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். 1968இல் திருக்கோணேச்சரப் புனிதப் பிரதேச விவகாரத்தில் அமைச்சைத் துறந்தார். அவர் கொணர முயன்ற மாவட்ட சபைத் திட்டத்தைக் கவிழ்த்ததும் மூதவையன்று. எதிர்க்கட்சிகளின் கிளர்ச்சியும் ஆளுங்கட்சியினுள் எழுந்த அச்சமுமே.

1970இல் 116 இடங்களுடன் வந்த ஐக்கிய முன்னணிக்கு, முந்திய ஆட்சியில் நிரம்பிய மூதவை ஓர் இடையூறாகத் தோன்றியதில் வியப்பில்லை. மூன்றிலிரண்டு பெரும்பான்மை கொண்டு யாப்பைத் திருத்தி அதனை நீக்கினர். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு மேலவையும் 1986இல் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையிலான பூசலிடையே இவ்வாறே மறைந்தது.

2017 செப்டெம்பரில் வெளியான யாப்பு வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் மன்று ஒன்றை முன்மொழிந்தது. மாகாண சபை ஒவ்வொன்றும் மாற்று வாக்கு முறையில் ஐவரை அனுப்பும். எஞ்சிய பதின்மரைப் பாராளுமன்றம் தெரியும். வவுணதீவிலிருந்து நோக்கும் படுவான்கரையார் ஒருவர் இதனை எவ்வாறு கணக்கிடுவார்? கிழக்கு மாகாண சபைக்கு 37 உறுப்பினர். ஓரிடத்துக்கு 7 வாக்கு. 2012 தேர்தலின்படி ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. முறையே இரண்டு, ஒன்று, ஒன்று என நான்கு இடங்கள் தாமாகவே நிரம்பிவிடும். ஐந்தாவது இடம், கூட்டமைப்பிடம் மிஞ்சும் நான்கு வாக்கும் ஐக்கிய தேசியக் கட்சியின் நான்கு வாக்கும் சேரும் பக்கத்துக்கே உரியது. அறிக்கை வெளியான அதே செப்டெம்பருடன் அச்சபையின் ஆயுளும் முடிந்தது; அடுத்து வந்த ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன.