பழசானது வருடியா, டிரைவரா? ஒரு மலிவு விலைக் கருவியின் வரலாறு

பள்ளிக் கணினி அறையில் பழைய வருடியைப் புதிய கணினியில் செருகிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கணினி ஒரு சிறு ஒலி எழுப்பும். ஏதோ ஒரு யூஎஸ்பி கருவி வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. "டிரைவர் இல்லையாம் சார், தூக்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வருடி அப்புறப்படுத்தும் பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிடும். அதே பள்ளியின் அலமாரியில், ஒரே ஒரு பிரதி மட்டும் மிஞ்சியிருக்கும் பழைய ஆண்டு மலர்கள் வருடப்படாமல் கிடக்கும். புதிய வருடி வாங்கப் பணம் வரும்வரை கரையான் காத்திருக்காது.

அந்த வருடிக்கு உண்மையில் என்ன ஆயிற்று? கண்ணாடி உடையவில்லை, மோட்டார் நிற்கவில்லை. விடை கருவிக்கு வெளியே இருக்கிறது.

படத்தைப் புள்ளிகளாக்கிக் கணினிக்குள் கொண்டுபோகும் வேலை 1957இல் தொடங்கியது. அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை 176க்கு 176 புள்ளிகளாக வருடினார். அதன் பிறகு நீண்ட காலம் வருடி என்பது பெரிய நிறுவனங்களின் பொருளாகவே இருந்தது. நம் கதைக்கு முக்கியமான ஆண்டு 1992. அதுவரை ஒவ்வொரு வருடியும் தனக்கென்று ஒரு மென்பொருளோடு வந்தது. ஆல்டஸ், கோடாக், ஹியூலெட் பேக்கார்டு, லாஜிடெக் முதலான நிறுவனங்கள் கூடி 'டுவெயின்' என்ற பொது விதிமுறையை அவ்வாண்டு வெளியிட்டன. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'இரண்டு' என்று பொருள். மென்பொருள் ஒரு பக்கம், வருடி ஒரு பக்கம், நடுவில் டுவெயின்.

ஆனால் இந்த விதிமுறை மென்பொருளுக்கும் டிரைவருக்கும் இடையிலான பேச்சை மட்டுமே பொதுவாக்கியது. டிரைவர் வருடியோடு பேசும் மொழி அந்தந்த நிறுவனத்தின் இரகசியமாகவே இருந்தது. பின்னால் வந்த சிக்கலுக்கெல்லாம் வித்து இதுதான் என்பது என் கருத்து.

2000களின் தொடக்கத்தில் வருடி நம் வீட்டு மேசைக்கு வந்தது. கேனன் நிறுவனத்தின் லைடு 20 அந்தக் காலத்து மலிவு வருடிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. தனி மின்கம்பி கிடையாது. கணினியின் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். உள்ளே எல்இடி விளக்கும், தாளை ஒட்டியே நகரும் உணரிப் பட்டையும் இருப்பதால் உடம்பு மெலிதானது. அதனாலேயே ஒரு குறையும் உண்டு: தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு கண்ணாடியில் படியாவிட்டால் அந்த இடம் மங்கிவிடும். 600 டிபிஐ வரை வருடும். ஏ4 தாளைச் சாம்பல் நிறத்தில் 300 டிபிஐக்கு வருடினால் சுமார் 87 இலட்சம் புள்ளிகள். தமிழ் எழுத்துகளின் புள்ளியும் கொம்பும் தெளிவாகப் பதிய இது போதும். ஆக, நம் வேலைக்கு வேண்டிய திறன் அந்தக் கருவியில் இன்றும் இருக்கிறது.

திருப்பம் 2007இல் வந்தது. அவ்வாண்டு விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. அதன் 64-பிட் பதிப்பு இரண்டு கதவுகளை மூடியது. 32-பிட்டுக்கு எழுதிய டிரைவரை இயங்குதளத்தின் உட்கரு ஏற்காது. 64-பிட்டுக்கு எழுதிய டிரைவராக இருந்தாலும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால் ஏற்காது. இங்கேதான் பலருக்கும் குழப்பம். பழைய 32-பிட் தட்டச்சு மென்பொருள் புதிய கணினியிலும் நன்றாக ஓடுகிறதே, வருடி மட்டும் ஏன் ஓடவில்லை? சாதாரண மென்பொருள் உட்கருவுக்கு வெளியே ஓடுவது. அதற்கு விண்டோஸ் ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறது. டிரைவர் உட்கருவுக்குள் நுழைய வேண்டியது. அதற்கு மாற்றுவழி இல்லை.

எனவே புது டிரைவர் எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், கையொப்பம் பெற வேண்டும். எப்போதோ விற்றுக் காசாக்கிவிட்ட மலிவுக் கருவிக்காக எந்த நிறுவனம் இவ்வளவு செலவு செய்யும்? லைடு 20 போன்ற பல வருடிகளுக்கு 64-பிட் டிரைவர் வரவே இல்லை. வணிகக் கணக்கு என்று பார்த்தால் அது புரிகிறது. நாங்கள் எழுத மாட்டோம் என்றால் சரி, எழுத விரும்புகிறவர்களுக்கு அந்த மொழியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்பதுதான் என் குறை. மெக் கணினியிலும் இதே கதைதான்: 2019இல் கேட்டலினா பதிப்பு 32-பிட் மென்பொருளை அடியோடு நிறுத்தியது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது.

இதற்கிடையில் இன்னொரு வரலாறும் ஓடிக்கொண்டிருந்தது. 1990களிலேயே லினக்ஸ் ஆர்வலர்கள் 'சேன்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அச்சொல்லுக்குப் 'புத்தி தெளிந்த' என்று பொருள். பெயரிலேயே கொஞ்சம் குசும்பு தெரிகிறது. டுவெயினில் டிரைவரும் திரையில் தெரியும் சாளரமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. சேன் இரண்டையும் பிரித்தது. வருடியை ஒரு கணினியில் வைத்துவிட்டு வேறொரு கணினியிலிருந்து வருட முடிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் வணிகப் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் சில்லைப் பார்த்தது. லைடு 20க்குள் இருப்பது நேஷனல் செமிகண்டக்டர் தயாரித்த எல்எம்983 வரிசைச் சில்லு. பிளஸ்டெக், எச்பி, எப்சன் பெயர்களில் விற்ற சில வருடிகளிலும் அதே வரிசைதான். ஆகவே ஒரு சில்லின் மொழியைக் கற்றதும் பல நிறுவனங்களின் கருவிகள் உயிர் பெற்றன. சேன் திட்டத்தில் 'பிளஸ்டெக்' என்ற பெயருள்ள பகுதி கேனன் வருடியை இயக்குவது இதனால்தான். 1998இல் தொடங்கிய வியூஸ்கேன் என்ற மென்பொருளும் தன் சொந்த டிரைவர்களோடு வருகிறது. அது விண்டோஸிலும் மெக்கிலும் ஓடும், ஆனால் காசு கொடுக்க வேண்டும்.

சரி, உங்கள் பள்ளியில் ஒரு பழைய வருடி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, அந்தக் கருவியின் 'ஹார்டுவேர் ஐடி'யைப் பாருங்கள். விஐடி, பிஐடி என்று நான்கு நான்கு எழுத்தாக இரண்டு எண்கள் இருக்கும். கேனனுக்கு விஐடி 04ஏ9, லைடு 20க்குப் பிஐடி 220டி. உங்களுக்குக் கிடைத்த எண்களைச் சேன் திட்டத்தின் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் பாதி வேலை முடிஞ்சது. உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமலே கணினியைத் தொடங்கி, அதிலுள்ள ஆவண வருடல் மென்பொருளைத் திறந்து பார்க்கலாம். சேமித்த கோப்புகளை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி கையில் இருக்கிறதே என்பவர்கள் அதையே வருடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. இணையத்தில் இணைக்காதீர்கள்.

சில வருடிகளுக்கு இன்னும் ஒரு தேவை உண்டு. மஸ்டெக் பேர்பா வரிசை போன்றவை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கணினியிடமிருந்து ஒரு சிறு கோப்பை வாங்கிக்கொண்டுதான் இயங்கும். அந்தக் கோப்பு பெட்டியோடு வந்த குறுந்தட்டில் இருக்கிறது. அதனால் வருடியைத் தூக்கிப் போட்டாலும் போடாவிட்டாலும் குறுந்தட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வருடி கரகரவென்று சத்தம் போட்டு நின்றால், அதைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். லைடு வருடிகளின் அடியில் ஒரு சிறு பூட்டு இருக்கும். இடம் மாற்றும்போது உணரிப் பட்டை ஆடாமல் இருக்க யாரோ என்றோ பூட்டி வைத்திருப்பார்கள்.