மருந்து என்னும் சொல்லும் நஞ்சின் வரிசையும்

கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் வழங்கிய தமிழில் களைக்கொல்லிக்குப் பெயர் மருந்து. அதைத் தெளிப்பது மருந்தடித்தல். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் நின்றது. எந்த ஆபத்தை முதலில் தடுக்க வேண்டும் என்னும் வினாவை ஆராய்வோர்க்கு இச்சொல் நல்லதொரு தொடக்கமாகும்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் லாலான் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் தெளிக்கப்பட்டது. அது பாடாண வகையைச் சேர்ந்த கொடிய நஞ்சு. 1960களில் பாராகுவாட் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் பாராகுவாட்டுக்கும் முறிமருந்து இல்லை. ஒரு மிடறு உட்சென்றாலே நுரையீரல் சிதைந்து உயிர் போகலாம். தோட்டத்து ஆலையிலோ பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலமும், உறையாமல் காக்க அம்மோனியாவும் கையாளப்பட்டன.

இடரை அளப்போர் இரண்டு கேள்விகளைக் கேட்பர். நேர்ந்தால் கேடு எவ்வளவு பெரிது? நேர்வதற்கு வாய்ப்பு எவ்வளவு? 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்ததும், 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசு ஆலை வெடித்ததும் முதற்கேள்வியின் கடுமையை உணர்த்தின. மலேசியாவில் 1994இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், 1996இல் பெருந்தொழில் விபத்துக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்தன. ஓர் ஆலை சேமித்து வைக்கும் அபாயப் பொருளின் அளவைக் கொண்டு அதன் கடமைகளை வரையறுப்பது இவ்விதிகளின் முறை.

இவ்வளவையில் தோட்டத்து நஞ்சு சிறிதாகவே தோன்றும். முதுகில் சுமக்கும் தெளிப்பானில் இருப்பது சில லிட்டரே. ஆயினும் அது நாள்தோறும் தோலில் படுகிறது, மூச்சில் கலக்கிறது. அரிதாய் நேரும் பெருவிபத்தை மட்டும் எண்ணும் கணக்கு, அன்றாடம் நேரும் சிறுகேட்டைத் தவறவிடும். மருந்தடித்த பெண்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியான ஆய்வின்வழி வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. 2020 சனவரி 1 முதல் முழுத்தடை நடப்புக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

பாதுகாப்பியலில் தடுப்புக்கும் ஒரு வரிசை உண்டு. நஞ்சை நீக்குதல் முதலாவது. தீங்கு குறைந்ததை மாற்றாகக் கொள்ளுதல் அடுத்தது. பின்னர்ப் பொறியமைப்பு, வேலைமுறை. கையுறையும் முகமூடியும் கடைசி. வெயிலும் புழுக்கமும் மிக்க தோட்டத்தில் முகமூடி அணிந்து நாள் முழுதும் உழைப்பது அரிது. கடைசித் தடுப்பை முதலில் வைத்தால் பாதுகாப்பின் சுமை முழுவதும் தொழிலாளியின் தோள்மேல் விழும்.

இன்று தோட்டத்து மக்களின் பிள்ளைகள் பலர் ஆலைத் தொழிலுக்கு மாறியுள்ளனர். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. குறைகடத்தித் தொழிலில் எலும்புவரை ஊடுருவும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பயன்படுகிறது. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி ஆலை இரசாயனங்களின் எச்சரிக்கைச் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும். அதன் பொருளைத் தமிழில் விளக்கிச் சொல்லும் கடமை நம் வகுப்பறைகளுக்கு உண்டு.

பொருளின் இயல்பிலேயே உள்ள தீங்கை ஆபத்து என்போம். அத்தீங்கு மனிதரை எட்டும் வாய்ப்பையும் அதன் அளவையும் சேர்த்து இடர் என்போம். பூட்டிய கலத்தில் உள்ள அமிலம் ஆபத்து. மூடி தளர்ந்த கலத்தருகே ஒருவர் நிற்பது இடர். இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்தால் எதை முதலில் சீர்செய்வது என்பதைத் தாமே அறிவர். அதற்கு முன், நஞ்சை நஞ்சென்றே அழைக்கப் பழகுவோம்.